கேஎல் - சிங்கப்பூர் ராத்திரி ரயிலில் போன அனுபவம்

கோலாலம்பூருக்கும் (கேஎல்) சிங்கப்பூருக்கும் நடுவில் முன்பு ஓடிய அந்த வண்டி மெதுவாகப் போகும் என்று குறை சொன்னவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். ராத்திரி பஸ் என்றால் ஐந்தாறு மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும், அப்புறம் சிங்கப்பூர் மெட்ரோ ரயிலான எம்ஆர்டி ஓடத் தொடங்கும்வரை பையைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ரயிலில் கேஎல் சென்ட்ரலில் ஏறிப் படுத்தால், வழியில் கெமாஸ் ஸ்டேஷனில் நிற்கும்போது ஒரு தடவை விழிப்பு வரும், மற்றபடி மலேசிய எல்லை ஊரான ஜொகூர் பாரு (ஜேபி) வரைக்கும் நல்ல தூக்கம்.

நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் ஜன்னலை ஒட்டி நீளவாக்கில் கீழும் மேலும் படுக்கை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திரை. நான் கீழ்ப்படுக்கைதான் கேட்டு வாங்குவேன், ஜன்னல் முழுசாகக் கிடைக்கும்.

ஜேபியில் மலேசிய அதிகாரிகள் பெட்டிக்குள்ளேயே வந்து பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். பாலம் தாண்டி சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கி, குடிநுழைவுச் சோதனை முடித்து மறுபடியும் ஏற வேண்டும். தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் அதற்கப்புறம் வருகிற பயணத்துக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். இரண்டு பக்கமும் மரங்கள், வீடுகளின் கொல்லைப்புறம், சாலைக்கு மேலே இரும்புப் பாலம். புக்கிட் தீமா ஸ்டேஷனில் வண்டியின் வேகம் குறையும், கீழே நிற்பவர் ஒரு வளையத்தை நீட்டுவார், இன்ஜினில் இருப்பவர் அதை எட்டி வாங்கிக்கொள்வார். ஒற்றைத் தடம் என்பதால் அந்த வளையத்தில் உள்ள டோக்கன் கைக்கு வந்தால்தான் அடுத்த பகுதிக்குள் போக முடியும். 2011 வரைக்கும் சிங்கப்பூருக்குள் இது நடந்துகொண்டிருந்தது!

கடைசியில் தஞ்சோங் பகார் ஸ்டேஷன். 1932-இல் திறந்த கட்டடம், முகப்பில் விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு பளிங்குச் சிலைகள். வெளியே வந்தால் நகரத்துக்குள்ளேயே நிற்போம், இந்த வண்டியின் பலமே அதுவாகத்தான் இருந்தது. 2011 ஜூன் 30 ராத்திரி ஜொகூர் சுல்தானே கடைசி ரயிலை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து ரயில் உட்லண்ட்ஸோடு சரி. அங்கிருந்து மறுபடி பஸ், எம்ஆர்டி என்று அலைய வேண்டுமானால் ராத்திரி வண்டியால் என்ன பயன்? 2015 ஜூலையில் உட்லண்ட்ஸுக்கும் ஜேபிக்கும் நடுவில் மட்டும் போய்வரும் ஷட்டில் ரயில் வந்தது, நேரடி ரயில்களும் நின்றன.

மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலைக்குத் தமிழ்நாட்டுக்காரர்களும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு யாழ்ப்பாணத்தாரும் நிறையப் பேர் வந்தார்கள். தாத்தா, அப்பா மலேசிய ரயில்வேயான கேடிஎம்மில் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால், அந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கையையும் எழுதுங்கள்.