வட்டாரத்தில் தோற்றவர் பிரதேச சபையில் இருக்கிறார், எப்படி?

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்தில் வலிகாமப் பக்கம் ஒரு பிரதேச சபை. பெயர் வேண்டாம். 2025 மே 6 தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் வென்றவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிற ஆள். மூன்றாவதாக வந்தவரை ஊர் வேண்டாமென்றே விட்டது. இப்போது பார்த்தால் அவரும் உறுப்பினர். கட்சிப் பட்டியலில் வந்தாராம். போதாக்குறைக்கு, சபைத் தலைவரான தவிசாளரின் தெரிவில் அவருடைய கைதான் முடிவை மாற்றியது. வாய்க்கால் அப்படியே கிடக்கிறது.

நான் போட்டது ஒரேயொரு புள்ளடி. அதை வைத்தே வட்டார ஆளையும் தெரிவு செய்து, கட்சிப் பட்டியலுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். அப்படியென்றால் நான் ஆளுக்குப் போட்டேனா, கட்சிக்குப் போட்டேனா? ஆளுக்கொன்று, பட்டியலுக்கொன்று என இரண்டு வாக்குத் தந்தால் என்ன? தவிசாளரையும் நாங்களே நேரடியாகத் தெரிவு செய்தால் என்ன? “எல்லாரும் கள்ளர்” என்று எழுத வருபவர்கள் வேறு திரிக்குப் போகவும். அது எனக்கும் தெரியும்.

ஓய்வு கிளாக்கர்:
தம்பி, தேர்தல் கடமைக்குப் போய்ப் பெட்டியோடு நித்திரை முழித்தவன் நான். கணக்கைச் சொல்கிறேன். 20 ஆசனம், அதில் 12 வட்டாரம், 8 பட்டியல் என்று வையுங்கள். 10,000 வாக்கு விழுந்தால் ஆசனத்துக்கு 500. ஒரு கட்சி 4,000 வாக்கு எடுத்தால் அதற்கு உரியது 8. ஆனால் பல முனைப் போட்டியில் அது சின்னச் சின்ன வித்தியாசத்தில் 11 வட்டாரத்தை வென்றுவிட்டது. வென்றதைப் பறிக்க முடியாது. மற்றவர்களுக்கு உரிய 12ஐயும் குறைக்க முடியாது. அதனால் சபை 23 ஆகப் பெருக்கும். 12இல் 11 வட்டாரத்தை வென்ற கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை!

இந்த முறை 2018இல் வந்தபோது நாடு முழுக்க 4,500க்கும் குறைவாக இருந்த உறுப்பினர் தொகை 8,000ஐத் தாண்டியது. அதே வருடம் யாழ். மாநகர சபையின் 45 ஆசனத்தில் முதலாவதாக வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16தான். பாதீடு (வரவு செலவுத் திட்டம்) தோற்று, 2020 டிசம்பரில் 21க்கு 20 என்று ஒரு வாக்கில் மாநகர முதல்வர் மாறினார்.

நேரடித் தெரிவு கேட்க நல்லது. ஆனால் பாதீட்டுக்குக் கை உயர்த்த வேண்டியது அதே உறுப்பினர்கள்தானே? தவிசாளர் ஒரு பக்கம், சபை மறு பக்கம் என்றால் உங்கள் வாய்க்காலுக்கு இன்னும் மோசம்.

பட்டியலில் வந்தவள்:
அண்ணை, பட்டியல் என்றாலே பின்கதவு என்பது போல எழுதுகிறீர்கள். நானும் 2018இல் அப்படித்தான் சபைக்குப் போனேன். வட்டாரத்தில் எனக்கு இடம் கேட்டபோது “நீங்கள் பட்டியலில் இருங்கோ அக்கா” என்றார்கள். அதற்கு முன்பு உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. 25 சதவீத ஒதுக்கீடு வந்துதான் நாங்கள் கதிரையில் இருந்தோம். அதிலும் பெரும்பாலானோர் பட்டியலால் வந்தவர்கள்.

எனக்கு இருந்த கோபம் வேறு. பட்டியலில் முதலாவது யார், இரண்டாவது யார் என்ற வரிசை கிடையாது. முடிவு வந்தபிறகு கட்சிச் செயலாளர்தான் பெயரைத் தெரிவு செய்கிறார். வட்டாரத்தில் தோற்றவரையும் போடலாம். என் பெயர் வருமோ என்று தெரியாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒருவர் நேரே வீட்டுக்கு வந்து, நீங்கள் விட்டுக்கொடுக்கலாமே என்று தேநீர் குடித்துவிட்டுப் போனார். வரிசையைத் தேர்தலுக்கு முதலே ஒட்ட வேண்டும் என்று கேளுங்கள், அண்ணை. உங்கள் மூன்றாமவர் அதில் எத்தனையாவது என்று தெரிந்தால் ஊர் அப்பவே யோசித்திருக்கும்.

வெள்ளவத்தைப் பெடியன்:
இரண்டு வாக்கு யோசனைக்கு ஒரு எச்சரிக்கை. லெசோதோ நாட்டில் 2007இல் இரண்டு வாக்குச் சீட்டு இருந்தது. பெரிய கட்சிகள் ஒரு சின்னக் கட்சியோடு சேர்ந்து, “தொகுதிக்கு எங்களுக்கு, பட்டியலுக்கு அவர்களுக்கு” என்று சொல்லி வாக்குக் கேட்டன. பட்டியல் வேறு கட்சியின் பெயரில் இருப்பதால் தொகுதியில் வென்ற ஆசனம் அதில் கழிபடாது, அதுதான் தந்திரம். பெரிய சண்டையாகி, 2012இல் ஒற்றை வாக்குக்குப் போனார்கள். இங்கேயும் சுயேச்சைக் குழுவுக்குப் பஞ்சமா? எங்கள் ஆட்கள் அதை ஒரே இரவில் கண்டுபிடிப்பார்கள்.

தவிசாளர் தெரிவில் இரகசிய வாக்கெடுப்பை நிறுத்தினாலே பாதி வியாபாரம் படுத்துவிடும் என்பது என் கணக்கு. கொழும்பில் 2025 ஜூனில் 117 பேர் கொண்ட சபையில் 48 ஆசனக்காரர் இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று மேயர் பதவியைப் பிடித்தார்கள். யார் யார் மாறிப் போட்டார்கள் என்பது வாக்காளருக்கு இன்றுவரை தெரியாது.

பனங்கூடல்:
சரி, லெசோதோவை நான் யோசிக்கவில்லை. இரண்டு வாக்கை ஒரு பக்கம் வைக்கிறேன். அக்கா சொன்ன வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது, திறந்த வாக்கெடுப்பும் சரி. ஆனால் கிளாக்கர் ஐயா, எங்கள் சபையில் கையை உயர்த்தித்தான் தெரிவு நடந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் அவர் உயர்த்தினார். அதற்கு என்ன செய்யலாம்?

ஓய்வு கிளாக்கர்:
அதற்குச் சட்டம் இல்லை, தம்பி. அடுத்த முறை அவர் வாக்குக் கேட்டு வரும்போது ஒழுங்கையில் மழை பெய்ய வேண்டும்.