செவனிங் படிவத்தில் 2,800 மணி வரவில்லை – சுவடிப் பேணல் படிக்க வேறு வழி உண்டோ?

ஓலைக்கட்டு:
செவனிங் எண்ட பிரித்தானிய அரசின் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணி வேலை அனுபவம் கேக்கினம். நான் யாழ் பல்கலையில் வரலாறு சிறப்புக் கலைமாணி. பட்டத்துக்குப் பிறகு நூலகமொன்றில் சம்பளமில்லாத் தொண்டு, கிழமைக்கு 20 மணி, 50 கிழமை. இப்ப ஏட்டுச்சுவடிகளை ஸ்கான் செய்யிற திட்டத்தில் ஒப்பந்த வேலை, கிழமைக்கு 35 மணி, 40 கிழமை முடிஞ்சுது. கூட்டினால் 2,400 தான். வேலைக் கடிதத்தில் "திருப்திகரமாகப் பணியாற்றினார்" எண்டு மட்டும் கிடக்கு. சுவடி, கடதாசிப் பேணலில் முதுமாணி செய்ய விருப்பம். என்ன செய்யலாம்?

கோட்டைமதில்:
தொண்டு வேலையும் கணக்கில் வரும், அதைச் சரியாத்தான் சேர்த்திருக்கிறீங்கள். குறையிறது 400 மணி. இதே வேலையில் இன்னும் 12 கிழமை நிண்டால் 420. விண்ணப்பம் வழமையா ஓகஸ்ட்டில் திறக்கும்; அனுப்புற நாளுக்கு முதல் மணி நிரம்பியிருக்க வேணும். 35ஐ 45 ஆக்கிப் போடாதேங்கோ, பிறகு கடிதத்தோடு ஒத்துவராது.

கடிதத்தை மாத்தி எடுங்கோ: பதவி, தொடங்கின திகதி, முடிஞ்ச திகதி, கிழமைக்கு எத்தனை மணி, சம்பளமோ தொண்டோ. ஊழியர் சேமலாப நிதிக் கூற்று இருந்தால் அதையும் வைச்சிருங்கோ.

செப்பேடு:
மணிக்கணக்கை விடப் பெரிய சிக்கல் பாடநெறியின் நீளம். செவனிங் ஒரு வருட முதுமாணிக்குத்தான். ஆய்வுகூடத்தில் கையால் செய்து பழகிற பேணல் பட்டங்கள் பல இரண்டு வருடம். ஒரு வருடத்தில் கிடைக்கிறது பெரும்பாலும் மரபுரிமை முகாமைத்துவம், அருங்காட்சியகவியல். சுவடியைத் தைக்கவும் பூச்சி அரிச்ச ஓலையை ஒட்டவும் பழக வேணுமெண்டால் அது காணாது. முதலில் பாடநெறி, பிறகு காசு. எங்கட ஆக்கள் தலைகீழாச் செய்யினம். முடிச்சு வந்து இரண்டு வருடம் நாட்டில் நிக்க வேணும் எண்டதையும் மறக்காதேங்கோ.

பிரித்தானிய நூலகத்தின் அழிவுநிலை ஆவணக் காப்புத் திட்டத்தையும் சிலர் புலமைப்பரிசில் எண்டு நினைக்கினம். அது எண்ணிமப்படுத்தத் தாற காசு, பட்டப்படிப்புக்கு இல்லை.

ஓலைக்கட்டு:
நன்றி அண்ணை. அப்ப ஐரோப்பிய ஒன்றியத்தின்ர எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில்?

செப்பேடு:
நீளம் பொருந்தும்: பெரும்பாலும் இரண்டு வருடம், மாதம் 1,400 யூரோ, படிப்புக் கட்டணம் இல்லை. விண்ணப்பம் நேரே அந்தப் பல்கலைக் கூட்டமைப்புக்கு. ஆனால் எவோரா, ரோம், தெசலோனிக்கி சேர்ந்து நடத்தின ஆர்க்மாட் மாதிரிப் பட்டங்கள் இரசாயனத்தில் நிக்கும். வரலாற்றுப் பட்டத்தோட மட்டும் போனால் இடம் கிடைக்கிறது கஷ்டம். மற்றது, வீசாவும் விமானச் சீட்டும் முதல் தவணை கைக்கு வர முந்தியே உங்கட சட்டைப்பையில் இருந்துதான் போகும்.

ரோமில் இருக்கிற இக்ரோம் எண்ட சர்வதேச மரபுரிமைப் பேணல் நிறுவனத்தின் குறுகிய பயிற்சிகள் நல்லது, இலங்கை அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடு. ஆனால் இடம் கிடைச்சால் காசும் கிடைக்கும் எண்டில்லை. உதவித்தொகை கொஞ்சப் பேருக்குத்தான். விண்ணப்பிக்கும்போதே நிதி தேவை எண்டு எழுதுங்கோ.

நாவலர்வீதி:
கைப்பழக்கம்தான் முக்கியமெண்டால் டில்லியில் இந்தியத் தேசிய ஆவணக்காப்பகத்தின் குறுகிய பேணல் பயிற்சிகளைப் பாருங்கோ. ஓலைக்கு இங்கத்தைய வெக்கை, ஈரம் தெரிஞ்ச இடம்.

எங்கை விண்ணப்பிச்சாலும் பெயரில்தான் கன பேர் இடறுறவை. சான்றிதழில் முதலெழுத்து, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுசா. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் எண்டு சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி ஒண்டு இப்பவே முடிச்சு வையுங்கோ. வெளிநாட்டமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் யாழ் மாவட்டச் செயலகத்திலேயே கொன்சியூலர் அலுவலகம் இருக்கு, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.