ஜெர்மனியில் பேராசிரியரை எப்படி அழைப்பது?

கேள்வி: முனைவர் பட்டம் முடித்து ஆய்வுப் பணிக்காக இங்கே வந்திருக்கிறேன். அமெரிக்கப் பழக்கத்தில் பேராசிரியரைப் பெயர் சொல்லியே மின்னஞ்சலில் அழைத்துவிட்டேன். அவரோ "ஃபிராவ் டாக்டர்" (டாக்டர் அம்மையார்) என்று எனக்குப் பதில் எழுதியிருக்கிறார். இரண்டு நாளாக மனசு உறுத்துகிறது.

பதில்: கவலைப்படாதீர்கள். அடுத்த கடிதத்தை "ஹெர் புரொஃபசர்" (திரு. பேராசிரியர்) என்று தொடங்குங்கள், போதும். பெயர் சொல்லச் சொல்லி அவரே கேட்டால் மாறிக்கொள்ளலாம். இங்கே முனைவர் பட்டத்தை அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் பதிந்துகொள்ள முடியும். 2011-இல் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க், ஆய்வேட்டில் பிறர் எழுத்தை எடுத்தாண்டது தெரிந்து பதவி விலக நேர்ந்தது. 2013-இல் கல்வி அமைச்சர் ஷவானும் பட்டத்தை இழந்து பதவி விலகினார். உழைத்துப் பெற்ற பட்டத்துக்கு இந்தக் கண்டிப்பு வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பதில்: இத்தாலியில் இளங்கலை முடித்தாலே "தொத்தோரே" (டாக்டர்) தான்! பிரிட்டனில் அறுவை மருத்துவர் பலர் டாக்டரை விட்டு "மிஸ்டர்" ஆகிறார்கள். பட்டமில்லாமல் தொழில் பழகிய காலத்து வழக்கம் அது.

கேட்டவர்: நன்றி. சரி, இன்றே "ஹெர் புரொஃபசர்" என்று எழுதிவிடுகிறேன்.