கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரங்களைக் காரில் சென்று பார்ப்பது: முதியவரும் சிறு குழந்தையும் உடன் வரும்போது

கேள்வி

வணக்கம். என் அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வலியால் அவரால் அதிக தூரம் நடக்க முடியாது. மகளுக்கு நான்கு வயது. டிசம்பரில் வீடுகளின் முன்னால் போடப்படும் கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரங்களை இருவருக்கும் காரிலிருந்தபடியே காட்ட வேண்டும் என்பது என் ஆசை. சென்ற ஆண்டு ஒரே மாலையில் ஆறு பகுதிகளைச் சுற்றி வந்தோம். பாதி வழியில் மகள் தூங்கிவிட்டாள். பின் இருக்கையில் இருந்த அம்மாவுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது, வீடுகள் சரியாகத் தெரியவில்லை. நான் மெதுவாக ஓட்டினால் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தார்கள். எடுத்த படங்களிலெல்லாம் கார்க் கண்ணாடியின் பிரதிபலிப்பே விழுந்திருந்தது. இந்த முறை எப்போது கிளம்புவது, எத்தனை இடங்களுக்குப் போவது, அலங்காரம் நன்றாகத் தெரிய ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஓட்டலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். உங்கள் குறைகளில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். பின் இருக்கையின் ஜன்னல் வழியாகக் கூரை மேல் கட்டிய சீரியல் விளக்குகள் தெரிவதில்லை. முன் கண்ணாடி வழியாகத் தெருவே முழுமையாகத் தெரியும். வண்டி இடப்பக்கம் ஓடும் நாடானாலும் வலப்பக்கம் ஓடும் நாடானாலும், ஓட்டுநருக்கு அடுத்த இருக்கை பெரும்பாலும் சாலையோரத்தை ஒட்டியே அமையும் என்பதால், அந்தப் பக்கத்து வீடுகள் அவருக்கு மிக அருகில் வரும். எதிர்ப்பக்கத்து வீடுகளை எட்டிப் பார்க்கச் சொல்லாதீர்கள். தெருவின் முடிவுவரை சென்று, வண்டியைத் திருப்பிக்கொண்டு அதே தெருவில் திரும்பி வாருங்கள். அப்போது மறுபக்கம் அவர் பக்கமாகிவிடும். குழந்தையின் இருக்கையையும் அதே ஓரத்தில் பொருத்திவிட்டால் பாட்டியும் பேத்தியும் ஒரே வீட்டைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

ஆறு பகுதிகள் மிக அதிகம். நான்கு வயதுக் குழந்தைக்கு முக்கால் மணி நேரம் போதும். அதற்கு இரண்டு தெருக்கள், மிஞ்சினால் மூன்று. பெரும்பாலான வீடுகளில் இருட்டியதும் விளக்கேற்றி இரவு பத்து மணி வாக்கில் அணைத்துவிடுவதால், குளிர்காலத்தில் சூரியன் மறைந்த உடனேயே கிளம்பலாம். குழந்தை தூங்கும் நேரத்துக்கு முன் வீடு திரும்பிவிடலாம். வாரநாள் மாலையைத் தேர்ந்தெடுங்கள். 24ஆம் தேதிக்கு முந்தைய வார இறுதியில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டதே என்றும் எண்ண வேண்டாம். பல வீடுகளில் ஜனவரி 6 வரை அலங்காரத்தைக் கழற்றுவதில்லை, அந்த நாட்களில் தெருவும் அமைதியாக இருக்கும்.

மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மழை விட்டதும் ஈரத் தார்ச்சாலையில் விளக்குகளின் சிவப்பும் பச்சையும் நீளநீளமாகக் கரைந்து கிடக்கும். அது ஒவ்வோர் அலங்காரத்தையும் இரண்டாக்கிக் காட்டும்.

இரண்டாம் பதில்

நான் என் வீட்டில் ஆண்டுதோறும் விளக்கு போடுபவன். பார்க்க வருபவர்களால் மகிழ்பவனும்கூட. எங்கள் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஓட்டவே கூடாது. அலங்காரத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் குழந்தைகள் வண்டிகளுக்கிடையே சாலையைக் கடப்பார்கள். இருட்டில் கறுப்புக் கோட்டு அணிந்தவர் இருப்பதே தெரியாது. லோ பீம் போதும். ஹை பீம் எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைப்பதோடு விளக்குகளின் நிறத்தையும் மங்கச் செய்துவிடும். சாலையோரம் முழுமையாக ஒதுங்கி நிறுத்திய பிறகு ஹெட்லைட்டை அணைத்துப் பார்க்கிங் விளக்கை மட்டும் எரிய விடுங்கள். பின்னால் ஒரு வண்டி வந்தால் ஒதுங்கி அதற்கு வழி விடுங்கள். அவர் அலங்காரம் பார்க்க வந்தவராக இல்லாமல், வேலை முடிந்து வீடு திரும்பும் என் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவர் வீட்டு வாசல் வழியை மட்டும் ஒருபோதும் மறித்து நிறுத்தாதீர்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், இசைக்கேற்ப விளக்குகள் எரிந்து அணையும் ஒரு வீட்டு அலங்காரம் உலகப் புகழ் பெற்றது. பார்க்க வந்த கார்கள் தெருவை அடைத்துக்கொண்டதால், அருகில் நடந்த ஒரு விபத்துக்குக் காவல்துறை சென்று சேர்வதே சிரமமாகிவிட்டது. அந்த வீட்டுக்காரர் தாமாகவே அலங்காரத்தை நிறுத்திக்கொண்டார். பார்வையாளர்கள் சற்று ஒதுங்கி நின்றிருந்தால் அது தொடர்ந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இசையோடு கூடிய வீடுகளில் வாசலில் ஓர் எண் எழுதிய பலகை இருக்கும். அது எஃப்.எம். அலைவரிசை. வீட்டுக்குள் இருக்கும் சிறிய ஒலிபரப்பி அந்த இடத்தைச் சுற்றிச் சில பத்து மீட்டர் தூரத்துக்கே எட்டும். கார் ரேடியோவை அந்த எண்ணில் வைத்தால், ஜன்னலைத் திறக்காமலே பாட்டையும் விளக்கையும் ஒருசேர அனுபவிக்கலாம். அண்டை வீட்டாருக்கு இரைச்சல் இல்லாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வேகமாக மின்னி மறையும் விளக்குகள் சில வலிப்பு நோயாளிகளுக்கு ஆகாது. உங்கள் வீட்டில் யாருக்காவது அத்தகைய நோய் இருந்தால், இசை அலங்காரங்களைத் தவிர்த்துவிட்டு, அசையாமல் எரியும் விளக்குகள் உள்ள தெருக்களுக்கே போங்கள்.

மூன்றாம் பதில்

படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கண்ணாடி வழியாக எடுக்காதீர்கள். வண்டியை நிறுத்தி ஜன்னலை இறக்கிவிட்டு எடுங்கள். காருக்குள் எரியும் விளக்கையும் திரைகளின் வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடம் கழித்து வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். அப்போது கூரையின் கோடும் மரத்தின் உருவும் விளக்கோடு சேர்ந்து படத்தில் வரும். முழு இருட்டில் எடுத்தால் கறுப்புப் பின்னணியில் புள்ளிகள்தாம் மிஞ்சும்.

நான்கு பேர் மூச்சு விட்டால் கண்ணாடியில் பனிபடியும். ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றிவிடுங்கள். சில நிமிடங்களில் தெளிந்துவிடும். பனி பெய்யும் ஊராக இருந்தால், எஞ்சினை ஓட விட்டு நிற்கும்போது புகைக்குழாய் பனியில் புதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வந்துவிடும், அதற்கு மணமே கிடையாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை, செவ்வாய்க்கிழமை, இரண்டே தெருக்களுக்குச் சென்று வந்தோம். அம்மா முன் இருக்கையில் இருந்தார். ஒரு வீட்டின் எதிரே ஓரமாக நிறுத்தியபோது, ஹெட்லைட்டை அணைத்த பிறகும் காரின் பகல்நேர விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு மீண்டும் இயக்கியதும் என் காரில் அது அணைந்தது. எல்லாக் கார்களிலும் இப்படி இருக்காது, கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. திரும்பி வரும் வழியில், ஜன்னலில் ஒரே ஒரு மெழுகுவத்தி வடிவ விளக்கு மட்டும் எரிந்த ஒரு சிறிய வீட்டை அம்மா காட்டி, "இங்கே கொஞ்சம் நிறுத்து" என்றார். அங்கேதான் அதிக நேரம் நின்றோம்.