ஒட்டக மலை வீட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு யானைமலைக்கு எதிரே கண்ணாடிச் சுவர் வைக்கலாமா?

திருமோகூர் ரோட்டுக்காரன்:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்து போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீட்டு டூர் வீடியோ வந்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் பாரடைஸ் வேலி என்று ஓர் ஊர், அங்கே கேமல்பேக் மலைச்சரிவில் ஒரு பங்களா. மலை தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டகம் படுத்திருக்கிற மாதிரியே இருக்கிறது. நமக்கு யானை, அவர்களுக்கு ஒட்டகம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். சுற்றிக் காட்டுகிற ஆள் சுவரில் ஒரு பட்டனைத் தொடுகிறான், நாற்பதடி நீளக் கண்ணாடி சத்தமே இல்லாமல் நகர்ந்து பக்கத்துச் சுவருக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஹாலும் வெளித்திண்ணையும் ஒரே தரை. அதைத் தாண்டி நீச்சல்குளம், அதன் தண்ணீர் அப்படியே மலையை விட்டு வழிந்து விழுகிற மாதிரி தெரிகிறது. கீழே ஊர் விளக்குகள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் டிவியில் போட்டு வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். என் மனைவி முதலில் கேட்டது, "அந்த வெள்ளை சோஃபாவை யார் தொடைப்பா?" அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை பார்த்துவிட்டு, "நிலைவாசல் எங்கடா? மாவிலை எதுல கட்டுவாங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, உண்மையிலேயே அந்த வீட்டில் நிலை என்று ஒன்று கிடையாது.

இப்போது விஷயம். மதுரைப் பக்கம் திருமோகூர் ரோட்டில் ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பேஸ்மெண்ட் முடிந்து சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மனையில் நின்றால் மேற்கே, கொஞ்சம் வடக்காக, யானைமலை முழுசாகத் தெரியும். ஹாலின் அந்தப் பக்கச் சுவரை எடுத்துவிட்டு 14 அடி அகலம், 9 அடி உயரத்துக்குக் கண்ணாடி வைத்தால் என்ன என்று ஆசை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி சிரிக்கிறார். பிளான் போட்டவர் "செய்யலாம் சார்" என்கிறார். அவர் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். நீங்கள் சொல்லுங்கள். லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே ஓடுகிற கான்கிரீட் பட்டை) ஓட்டுவதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

மொட்டைமாடி:

அண்ணே, நானும் அந்த மாதிரி வீடியோ நிறைய பார்ப்பேன், தூக்கம் வராத ராத்திரிக்கு நல்ல மருந்து. ஆனால் ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். துணி காயவில்லை, செருப்பு கிடக்கவில்லை, கண்ணாடியில் ஒரு விரல் தடம் இல்லை, நாற்பதடிக்கு ஒரு குருவி எச்சம்கூட இல்லை.

என் சித்தப்பா வீடு அழகர்கோவில் ரோட்டில். முன்னால் ஒரே ஒரு ஆளுயரக் கண்ணாடிக் கதவு வைத்தார். ஒரு மயில் தினமும் காலையில் வந்து தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துக் கொத்து கொத்தென்று கொத்தும். மூன்று மாதம் சாக்கு கட்டி மறைத்து வைத்திருந்தார், இப்போது அங்கே மரக்கதவு. திருமோகூர் பக்கமும் மயில் உண்டுதானே?

சாண்ட்லர் டு சொக்கிகுளம்:

ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் ஆறு வருஷம் குடும்பத்தோடு இருந்துவிட்டு 2024-ல் மதுரைக்குத் திரும்பி வந்தோம், அதனால் கொஞ்சம் தெரிந்ததைச் சொல்கிறேன் தம்பி.

அந்த வீடியோக்களில் நேரத்தைக் கவனியுங்கள். எல்லாமே சூரியன் விழுந்த பிறகு வானம் நீலமும் ஆரஞ்சுமாக இருக்கிற அந்த இருபது நிமிஷத்தில் எடுத்தது. ஜூலை மாதம் மதியம் மூன்று மணிக்கு அந்தக் கண்ணாடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். 2023-ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, 31 நாள் தொடர்ச்சியாக 110 ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸுக்கு மேல் போனது. ஒரு ராத்திரி 36 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. ராத்திரி, கவனியுங்கள். காரில் ஏறினால் சீட் பெல்ட் பக்கிளைத் துணி வைத்துத்தான் பிடிப்பேன், சின்னவளுக்கு ஒரு தடவை தொடையில் சூடு போட்ட மாதிரி தடம் விழுந்துவிட்டது. அந்த மாதத்தில் நாங்கள் ஜன்னல் திரையை விலக்கிய ஞாபகமே இல்லை. பணக்கார வீடுகளில் அந்தத் திரை கூரைக்குள் பெட்டியில் சுருண்டிருக்கும், பட்டனைத் தட்டினால் இறங்கும். வீடியோவில் அதைக் காட்ட மாட்டார்கள். ஏசியின் வெளி யூனிட்டையும் காட்ட மாட்டார்கள்.

நீச்சல்குளம் பார்க்க அழகுதான். அந்த வறட்சிக்கு மூடி போடாத குளத்தில் வருஷத்துக்கு ஐந்தாறு அடி தண்ணீர் ஆவியாகவே போகும். ஊருக்கான தண்ணீரில் பெரிய பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து 540 கிலோமீட்டர் கால்வாயில் பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவருவது. 2023 ஜனவரி 1-ஆம் தேதி என்ன நடந்தது தெரியுமா? ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்று ஓர் அடிவாரக் குடியிருப்பு, நல்ல வசதியானவர்கள்தான், நூற்றுக்கணக்கான வீடுகளில் போர் கிடையாது, லாரித் தண்ணீரை நம்பியிருந்தார்கள். பக்கத்து ஸ்காட்ஸ்டேல் நகராட்சி, இனி எங்கள் குழாயில் உங்கள் லாரி பிடிக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டது. பேப்பர் தட்டில் சாப்பிட்டார்கள், மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து டாய்லெட்டுக்கு ஊற்றினார்கள். செய்தியைப் பார்த்தபோது எனக்கு வில்லாபுரத்தில் அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று. பாரடைஸ் வேலி கேமல்பேக்குக்கு வடக்குப் பக்கம். அந்தச் சரிவில் உள்ள வீடுகள் பெரும்பாலும் வடக்கே பார்த்துத்தான் திறந்திருக்கும், தெற்கு வெயிலை மலை முதுகில் வாங்கிக்கொள்ளும். உங்கள் கதை அப்படியில்லையே.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய சாகுவாரோ கள்ளி, கை தூக்கி நிற்கிற மாதிரி இருக்குமே, அது முதல் கை விடவே ஐம்பது எழுபது வருஷம் ஆகும். சட்டப் பாதுகாப்பு உண்டு, நினைத்தபடி வெட்ட முடியாது. வீடு கட்டுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு கட்டுவார்கள், அல்லது அனுமதி வாங்கி வேரோடு பெயர்த்து நடுவார்கள். நம் ஆட்கள் மனை வாங்கியதும் முதலில் ஜேசிபியை விட்டு வேப்பமரத்தைத் தள்ளுவார்கள்.

சைட்டில் இருபது வருஷம்:

அக்கா கடைசியாகச் சொன்ன திசைக் கணக்குதான் முக்கியம். அவர்கள் மலையை முதுகுக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் மலையைப் பார்ப்பதற்காக மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறீர்கள்.

ஃபீனிக்ஸ் இருப்பது 33 டிகிரி வடக்கில். அங்கே உச்சிச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும், அதனால் தெற்கே தளத்தை நீட்டிவிட்டால் கோடையில் நிழல், குளிர்காலத்தில் இளவெயில் உள்ளே வரும். மதுரை 10 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. நமக்குச் சித்திரை பிறந்த கையோடு சூரியன் தலைக்கு நேரே வந்து, அப்புறம் ஆவணி பத்து தேதி வரை வடக்குப் பக்கம்தான் நிற்கும். கத்திரியில் சூரியன் விழுகிற இடம் நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து இருபது டிகிரி வடக்கே தள்ளி. நீங்கள் சொல்கிற அடையாளப்படி அது யானைமலை இருக்கிற திசையேதான்! சாயங்கால வெயில் படுக்கையாக வரும், சன்ஷேட் எத்தனை அடி நீட்டினாலும் அடியில் புகுந்து வரும்.

சாதாரண 6 மி.மீ. கண்ணாடி தன்மேல் நேராக விழுகிற வெயில் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். உங்கள் 14க்கு 9 என்பது 126 சதுர அடி. நாலு மணி மேற்கு வெயிலில் ஒன்றரை டன் ஏசி ஒன்று அந்தக் கண்ணாடி கொண்டுவருகிற சூட்டை மட்டும் வெளியே தள்ளவே சரியாக இருக்கும். ஆட்கள், அடுப்பு, தளத்துச் சூடு எல்லாம் தனிக்கணக்கு. இரட்டைக் கண்ணாடி, சூட்டைத் தடுக்கிற கோட்டிங் என்று போனால் பாதிக்குப் பாதி குறையும், ஆனால் விலையைக் கேட்டுவிட்டு உட்கார நாற்காலி தேடுவீர்கள்.

அம்மா கேட்ட நிலைவாசல் கேள்விக்கு வருகிறேன், அவர் தெரிந்து கேட்டாரோ தெரியாமல் கேட்டாரோ. உள்ளும் வெளியும் ஒரே தரை என்பது வருஷத்துக்கே 20 சென்டிமீட்டர் மழை தேறாத ஊரில் சரி. நமக்கு ஐப்பசி ஒரு மாதத்திலேயே கிட்டத்தட்ட அவ்வளவு கொட்டும், அதுவும் சாரலோடு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிளையண்ட் பிடிவாதத்துக்கு அப்படிச் செய்து கொடுத்தேன். தீபாவளி அன்று காலையில் போன் வந்தது, ஹாலில் கணுக்கால் தண்ணீர், புதுத்துணி நனைந்த கோபம் எல்லாம் என் மேல். இப்போது அங்கே மூன்றங்குல கிரானைட் படி இருக்கிறது, எல்லாரும் அதில் தடுக்கிக்கொள்கிறார்கள்.

கண்ணாடிக்கு எடுத்து வைத்த காசைத் தளத்தில் போடுங்கள். நம் ஊரில் வீட்டுக்குள் இறங்குகிற சூட்டில் பெரும்பகுதி மேலிருந்துதான். சுர்க்கி (சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த கலவை) போட்டு மேலே தட்டையான ஓடு பதித்துவிடுங்கள், முடியாவிட்டால் வெள்ளை கூலிங் டைல்ஸ். மேற்கே ஆறடிக்குத் தாழ்வாரம் இறக்கி, அதன் வெளிப்பக்கம் ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையான தடுப்புச் சுவர்.

கல்லுக்காரன் மேலூர்:

எல்லாரும் சேர்ந்து அவர் ஆசையில் தண்ணீர் ஊற்றிவிட்டீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

அந்தப் பாலைவன வீடுகளில் நான் பார்த்து ஏங்குவது கண்ணாடியை இல்லை, நிறத்தை. வீடும் மலையும் ஒரே நிறம். ஃப்ராங்க் லாய்ட் ரைட் என்கிற பெரிய ஆர்க்கிடெக்ட் ஸ்காட்ஸ்டேலில் 1937-ல் தாலியெசின் வெஸ்ட் என்று தனக்கு ஓர் இடம் கட்ட ஆரம்பித்தார். சுற்றியிருந்த பாலையில் கிடந்த கல்லையே பொறுக்கி, பலகை அடைத்து, தட்டையான முகம் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி, உள்ளே கான்கிரீட் ஊற்றினார். அவ்வளவுதான் சுவர். இன்றைக்கும் உலகம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம்? மேலூர்ப் பக்கம் குவாரி ஓரத்தில் கழிவுக்கல் மலை மலையாகக் கிடக்கிறது. நாமோ நாகமலை அடிவாரத்தில் வீட்டைக் கட்டி, எலிவேஷன் என்று சொல்லிக் கிளிப்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் அடிக்கிறோம். மலை வெட்கப்பட்டுத் திரும்பிக்கொள்ளும்.

மேற்குச் சுவரை ஒன்றரை அடி கருங்கல் கட்டாகக் கட்டச் சொல்லுங்கள். சூடு உள்ளே வந்து சேர ராத்திரி ஆகும் என்று சைட் அண்ணன் சொல்வார், அதுவும் உண்மைதான், அதனால் அந்தப் பக்கம் படுக்கையறை வேண்டாம், மாடிப்படி, சாமான் அறை வையுங்கள்.

அப்புறம் இதைப் படித்துவிட்டு யாராவது மலையடியிலேயே மனை தேடக் கிளம்பினால் ஒரு வார்த்தை. யானைமலையில் குடைவரைக் கோயிலும் சமணப் படுக்கையும் இருக்கின்றன. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டவே கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். புரோக்கர் சொல்ல மாட்டார்.

திருமோகூர் ரோட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் நாலரைக்கு நானும் மனைவியும் சைட்டுக்குப் போய், கண்ணாடி வருகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். சும்மா சொல்லவில்லை, பத்து நிமிஷம் முடியவில்லை. வெயில்கூட இரண்டாம்பட்சம். மலையே தெரியவில்லை! சூரியன் பின்னால் நிற்பதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் யானை வெறும் கறுப்பாகத் தெரிகிறது. அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, "இதைப் பாக்கவா சுவத்தை எடுக்கப்போறீங்க?" என்றாள்.

இன்று காலை ஆறரைக்கு நான் மட்டும் மறுபடி போனேன். கிழக்கு வெயில் பாறையில் நேராக விழுந்து யானை முழுக்கத் தேன் நிறத்தில் இருந்தது, பாறையில் மழைத் தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகள்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் தெரிந்தது. காலையில் காபி குடிக்கிற அரைமணி நேரத்துக்கு ஆறடித் தாழ்வாரமே போதும். ஹாலில் நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்று, மரக்கதவோடு. மேஸ்திரியிடம் சொன்னதும், "அப்ப லிண்டலை நாளைக்கே ஓட்டிரலாமா?" என்றார், இதற்காகவே காத்திருந்த மாதிரி. கல்லுக்காரன் அண்ணே, கழிவுக்கல் ஒரு லோடு பார்க்க இந்த வாரம் வரலாமா? தாழ்வாரச் சுவருக்கு மட்டும்.

அம்மா ராத்திரி அந்த வீடியோவை மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை கொல்லைப்புறம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.