இணைவிசைச் சோதனையில் 20 கிராம் எங்கே போகிறது?

திண்டுக்கல் பக்கம் பள்ளி ஆய்வகம். இணைவிசை, அதாவது ஒன்றுக்கொன்று இணையாக இயங்கும் விசைகள், எப்படிச் சமன்படுகின்றன என்று பார்க்கும் சோதனை. 120 கிராம் மீட்டர் அளவுகோலை 10, 90 செ.மீ. குறிகளில் இரண்டு சுருள்வில் தராசுகளில் தொங்கவிட்டிருக்கிறேன். 500 கிராம் வகை, பழையவை. 30 செ.மீ.யில் 200 கிராம் மாட்டினால் இடது 210, வலது 110 காட்ட வேண்டும். இடது சரி, வலது 90-இலேயே நிற்கிறது. ஒரு வாரமாக இதே கதை. “சார், மீதியை யார் சாப்பிட்டது?” என்கிறார்கள் பிள்ளைகள்.

தராசுகளின் சுழியை (பூஜ்யக் குறியை) சரிசெய்தேன், நூல்களைச் செங்குத்தாக்கினேன். தராசுகளை இடம் மாற்றினால் குறையும் கூடவே போகிறது. ஆனால் அதே தராசில் தனியாக 100 கிராம் தொங்கவிட்டால் அச்சு அசலாக 100! விரலால் தட்டினால் முள் மெல்ல 110-க்கு இறங்குகிறது. கொக்கி லேசாகத் திரும்பும்போது முள் தகட்டில் உரசுகிறது போல.

புதிது வாங்க இந்த வருடம் வழியில்லை. தராசைப் பிரிக்காமல் இந்த உரசலை எப்படி நீக்குவது?