பழைய வீட்டில் ஈயக் குழாய்: மாற்றணுமா, விடலாமா?

மண்ணடிக்காரன்:
பழைய வீட்டு பாத்ரூமை இடித்தபோது சுவருக்குள் ஈயக் குழாய். மேலே மங்கின சாம்பல் நிறம், சாவியால் கீறினால் பளபளப்பு, காந்தம் ஒட்டவில்லை. சமையலறைக்குப் போகும் லைனும் இதேதான். பிளம்பர் மொத்தமாக மாற்றச் சொல்கிறார். காசு பிடுங்கப் பார்க்கிறாரா?

ராயபுரம் தாத்தா:
விடுங்க தம்பி. இரும்பாக இருந்தால் எப்பவோ துருப்பிடித்துக் கொட்டியிருக்கும். உள்ளே உப்புப் படிந்து பூச்சு கட்டியிருக்கும், தண்ணீர் ஈயத்தைத் தொடாது. எங்க அப்பா அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் தொண்ணூறு தாண்டினார்.

தண்டையார்பேட்டை கெமிஸ்ட்:
தண்ணீர் மாறினால் பூச்சும் போச்சு சார். அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்தில் 2014இல் செலவு மிச்சமென்று ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. படிவு கரைந்து வீட்டுக் குழாயில் ஈயம் வந்தது. சென்னையில் நமக்கு மட்டும் ஒரே தண்ணீரா? புழல் ஏரி, 2010இலிருந்து மீஞ்சூர் கடல்நீர் ஆலை, கோடையில் லாரி. லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்பது நம் நாட்டுத் தரம். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

ராயபுரம் தாத்தா:
மாற்றிப் போடுகிற பிவிசி பிளாஸ்டிக் குழாய் மட்டும் யோக்கியமா? அதிலும் ஈயம் கலக்கிறார்களே.

தண்டையார்பேட்டை கெமிஸ்ட்:
அதைக் கட்டுப்படுத்த 2021இல் மத்திய அரசு விதியே போட்டாச்சு. ஈயம் இல்லாததா என்று கேட்டு வாங்குங்க.

மணலி ரிட்டயர்டு:
ஒரேயடியாக ஈயத்தைத் திட்டாதீங்க. ஆசிட் பிளான்ட்டில் வேலை பார்த்தவன் நான். நீர்த்த கந்தக அமிலம் இரும்பைத் தின்றுவிடும். ஈயத்தில் பட்டால் ஈய சல்பேட் தோல் கட்டும், அது அந்த அமிலத்தில் கரையாது. அதனால் தொட்டியின் உள்தகடு, அமிலத்தைச் சூடாக்கும் நீராவிச் சுருள்குழாய், அமில லைன் எல்லாம் ஈயம். ஜாயின்ட்டில் சால்டர் (பற்றாசு) வைக்க மாட்டோம், அதிலுள்ள வெள்ளீயத்தை அமிலம் அரித்துவிடும். ஹைட்ரஜன் சுடரில் ஈயக் கம்பியை உருக்கி ஈயத்தோடேயே இணைக்கணும். 327 டிகிரியிலேயே உருகுகிற சாமான், கை கொஞ்சம் தாமதித்தால் ஓட்டை. சூட்டில் தன் எடைக்கே தொய்ந்துபோகும், நெருக்க நெருக்கமாகத் தாங்கி கொடுக்கணும். நைட்ரிக் அமிலத்துக்கு மட்டும் இது ஆகவே ஆகாது.

ராயபுரம் தாத்தா:
பார்த்தீங்களா! அமிலத்துக்கே அசையாதது தண்ணீருக்கா கரையும்?

மணலி ரிட்டயர்டு:
கரையும் சார். உப்புக் குறைந்த மெதுநீரில் அந்தத் தோல் கட்டாது. ஆலையில் அது இருக்கலாம், அடுப்பங்கரையில் வேண்டாம். இப்போ அமில லைனுக்கே பிளாஸ்டிக், டெஃப்லான் என்று போய்விட்டார்கள்.

மண்ணடிக்காரன்:
சரி, மாற்றிடறேன். கழற்றினதைக் காயலாங்கடையில் போடலாமா? நல்ல கனம்.

தண்டையார்பேட்டை கெமிஸ்ட்:
போடுங்க. வீட்டு அடுப்பில் உருக்குகிறவர்களிடம் மட்டும் கொடுக்காதீங்க. அந்தத் தூசி பிள்ளைகள் மூளையைத்தான் முதலில் பாதிக்கும்.

ராயபுரம் தாத்தா:
காசிமேட்டில் வலைக்குக் குண்டு உருக்கி ஊற்றின கை இது! என் வீட்டு லைனை நான் தொடப் போவதில்லை.

தண்டையார்பேட்டை கெமிஸ்ட்:
உங்க இஷ்டம் சார். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் மட்டும் கொடுங்க. பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடு.